மொழிக்கு ஒரு வருடம் கொடுங்கள்

யூத இனப்படுகொலை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய வருகிற மாணவருக்கு முதலில் வேண்டியது மொழி. கோட்பாடெல்லாம் அப்புறம். அந்த மொழிப் பயிற்சிக்குக் காலமும் பணமும் ஒதுக்கப் பல்கலைக்கழகங்கள் கணக்குப் பார்ப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

போலந்தின் வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான வார்சா கெட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். இம்மானுவேல் ரிங்கல்பும் அங்கே அடைபட்டிருந்த வரலாற்றாசிரியர். வார்சா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1940 நவம்பரில் கெட்டோவின் வாசல்கள் மூடப்பட்டதும் ரகசியமாக ஒரு குழுவைத் திரட்டினார். நாட்குறிப்புகள், பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள், ரேஷன் அட்டைகள், சுவரொட்டிகள், மிட்டாய்த் தாள்கள்கூட விடாமல் சேர்த்தார்கள். தகரப் பெட்டியிலும் பால் கேனிலும் போட்டுப் புதைத்தார்கள். ரிங்கல்பும் 1944 மார்ச்சில் மனைவி, மகனோடு கொல்லப்பட்டார். புதைத்ததில் ஒரு பகுதி 1946இலும் இன்னொன்று 1950இலும் கிடைத்தன. சுமார் 35,000 பக்கங்கள். பெரும்பாலும் யிட்டிஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி), போலிஷ். பட்டினியில் செத்துக்கொண்டிருந்தவர்கள் பின்னால் வரப்போகும் ஆய்வாளரை நம்பி எழுதிவைத்தவை அவை. அந்த ஆய்வாளருக்கு யிட்டிஷ் தெரியாது என்றால் எப்படி?

"மொழிபெயர்ப்புதான் வந்துவிட்டதே" என்பார்கள். எதை மொழிபெயர்க்க வேண்டும் என்று தீர்மானித்தது வேறொருவர் அல்லவா? பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து மை கலைந்த கையெழுத்தை எந்த மொழிபெயர்ப்பும் நம் கண்முன் வைக்காது.

வரலாற்றாசிரியர் ராவுல் ஹில்பர்க் இந்தப் படுகொலை பற்றி 1961இல் வெளியிட்ட பெரிய நூல் முக்கியமாக ஜெர்மன் ஆவணங்களின் மேல் நிற்கிறது. அமைச்சகங்களும் ரயில்வேயும் சேர்ந்து ஒரு கொலை எந்திரமாக இயங்கியதை அவரைப் போல விளக்கியவர்கள் குறைவு. ஆனால் கொன்றவர்களின் கோப்புகளை மட்டும் படித்தால், கொல்லப்பட்டவர்கள் வெறும் எண்ணிக்கையாகத்தான் தெரிவார்கள். பிறகு வரலாற்றாசிரியர் சவுல் ஃபிரீட்லாண்டர் பாதிக்கப்பட்டவர்களின் நாட்குறிப்புகளையும் அரசு ஆவணங்களையும் ஒரே கதையோட்டத்தில் கொண்டுவந்தார். இன்றைய மாணவர் தொடர வேண்டிய வழி அதுதான் என்பேன்.

அதற்கு ஓராண்டு முதுகலை போதாது, அதற்குள் ஜெர்மனே பிடிபடாது. அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகம் 1990களின் இறுதியில் இதற்கென்றே முனைவர் பட்டத் திட்டம் தொடங்கியது. அப்படிப்பட்ட நீண்ட பயிற்சி இன்னும் பல இடங்களில் வேண்டும். உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களை மாதக்கணக்கில் கேட்கிற மாணவரின் மனநிலையைக் கவனிக்கவும் ஆள் வேண்டும். அவற்றைப் பதிவுசெய்து காக்கிற ஷோவா அறக்கட்டளையில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட காணொளிச் சாட்சியங்கள் இருக்கின்றன.

இந்தத் துறைக்கு விண்ணப்பிக்கிற தம்பி, தங்கைகளே, பேராசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்: யிட்டிஷ் கற்க உதவித்தொகை உண்டா? எத்தனை மாதத்துக்கு? ஆவணக் காப்பகத்துக்குப் போக எவ்வளவு தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு சேருங்கள்.