ஜூலை 1-ம் ஜூலை 18-ம்
லண்டன் வங்கியாளர் சீக்மண்ட் வார்பர்க்கின் யூரோபாண்ட் (ஒரு நாட்டின் நாணயத்தில், அந்த நாட்டுக்கு வெளியே விற்கும் கடன் பத்திரம்), அமெரிக்க அதிபர் கென்னடி போட்ட வட்டிச் சமன் வரியால் (அமெரிக்கர்கள் வெளிநாட்டுப் பத்திரங்களை வாங்கினால் விழும் வரி) பிறந்தது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரியில்லை. அந்த வரி அறிவிப்பு 1963 ஜூலை 18-ல் வந்தது. இத்தாலியின் நெடுஞ்சாலை நிறுவனமான ஆட்டோஸ்ட்ராடேவுக்காக வார்பர்க்கின் வங்கி ஏற்பாடு செய்த முதல் யூரோபாண்டான ஒன்றரைக் கோடி டாலர் பத்திர ஒப்பந்தத்தில் ஜூலை 1-லேயே கையெழுத்தாகிவிட்டது. வரி வந்த பிறகு சந்தை மளமளவென வளர்ந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் அடி எடுத்து வைக்க அவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள்: பிரிட்டனின் முத்திரைத் தீர்வை (பத்திரங்கள் மீதான வரி) விழாமல் இருக்கப் பத்திரங்களை ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் வைத்து வழங்கினார்கள், வட்டியை லக்சம்பர்க்கில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு. கல்லூரியில் நிதியியல் படித்தபோது நானும் வரிக் கதையைத்தான் தேர்வில் எழுதினேன். அப்புறம் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து, 1946-ல் தன் பெயரில் வங்கி நிறுத்திய மனிதரின் துணிச்சலை அந்த அமெரிக்க வரியின் கணக்கில் எழுதாதீர்கள்.