ஸ்பெயின் நடுக்களம் என்றால் டேவிட் சில்வா பெயர் ஏன் கடைசியில் வருகிறது?

2008 முதல் 2012 வரை அடுத்தடுத்துக் கோப்பைகளை அள்ளிய ஸ்பெயினின் அந்தப் பொற்காலக் கால்பந்து அணியைப் பற்றிப் பேச்சு வந்தால் ஷாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ், ஷாபி அலோன்சோ என்று நாலு பேர் வரிசையாக வந்துவிடுவார்கள். சில்வா அதற்கு அப்புறம்தான், சில சமயம் ஃபாப்ரிகாஸுக்கும் அப்புறம். இது எனக்குப் பல வருஷமாக உறுத்துகிற விஷயம். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் இதுவரை ஆடிய நடுக்கள வீரர்களில் ஒருத்தரை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் சில்வாவைத்தான் எடுப்பேன். மான்செஸ்டர் சிட்டியில் அவரோடு ஆடிய டி பிராய்ன்கூட எனக்கு அடுத்த இடம்தான்.

கிரான் கனாரியா தீவில் அர்கினெகீன் என்ற சின்ன கடற்கரை ஊர்க்காரர். 14 வயதில் ஸ்பெயின் கிளப்பான வலென்சியாவின் அகாடமிக்கு வந்தார். 2004இல் அவர்களே அவரை இரண்டாம் டிவிஷனில் இருந்த ஏபார் அணிக்குக் கடனாக அனுப்பினார்கள். ஏபாரின் இபுருவா மைதானம் பாஸ்க் மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன இடம், மழை, சேறு, முட்டியை உடைக்க வருகிற தடுப்பாட்டக்காரர்கள். அங்கே போன 18 வயது ஒல்லிப் பையன் ஒரு முழு சீசன் தாக்குப்பிடித்தான். சில்வாவை மென்மையான ஆட்டக்காரர் என்று சொல்பவர்கள் இந்த வருஷத்தை மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் குளிரிலும் இடிபாடுகளிலும் பத்து வருஷம் அவர் நின்றதற்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

தேசிய அணிக் கதையில்தான் எனக்கு வருத்தம் அதிகம். 2010 உலகக் கோப்பையில் முதல் ஆட்டம் சுவிட்சர்லாந்துடன், ஸ்பெயின் 0-1 என்று தோற்றது, அதில் சில்வா ஆரம்பத்திலிருந்தே ஆடினார். அதோடு சரி. அதற்கப்புறம் ஜெர்மனியுடனான அரையிறுதியில் கடைசி சில நிமிஷம் மட்டும் உள்ளே விட்டார்கள், இறுதிப் போட்டியில் அதுவும் இல்லை. ஒரே ஒரு தோல்விக்கு முழு விலையும் அவர் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் மனுஷன் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. 2012 யூரோ இறுதிப் போட்டியில், கீவ் நகரில், இத்தாலிக்கு எதிராக 14ஆவது நிமிஷம் ஃபாப்ரிகாஸ் கொடுத்த பந்தைத் தலையால் அடித்து முதல் கோலைப் போட்டது யார்? அந்தக் குள்ள உயரத்தை வைத்துக்கொண்டு சில்வாதான். 125 ஆட்டம், 35 கோல் என்று 2018இல் ஓய்வு பெற்றபோது ஸ்பெயினுக்காக அவரைவிட அதிக கோல் போட்டவர்கள் வீயா, ரவுல், டோரஸ் மூன்று பேர் மட்டும். மூன்று பேருமே முன்களத்தவர்கள்.

சரி, மான்செஸ்டர் சிட்டிக்கு வருவோம். காசைக் கொட்டி ஆட்டக்காரர்களை வாங்கிச் சேர்த்த அணி என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காசு கொட்டினார்கள்தான், இல்லை என்று யார் சொன்னது. கடனில் தத்தளித்த வலென்சியா 2010 கோடையில் வீயாவை பார்சிலோனாவுக்கும் சில்வாவை சிட்டிக்கும் விற்றது. ஆனால் அந்த நேரத்து சிட்டி 1976க்கு அப்புறம் ஒரு பெரிய கோப்பையைக்கூடத் தொடாத அணி. சிட்டியில் பணத்தை நிறையப் பேர் மேல் கொட்டினார்கள், அவர்களில் எத்தனை பேர் பெயர் இன்றைக்கு ஞாபகம் இருக்கிறது? சில்வா வந்த முதல் சீசனிலேயே இங்கிலாந்தின் நாக்அவுட் கோப்பையான எஃப்ஏ கோப்பை. அடுத்த வருஷம் 44 வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம். பட்டத்தை முடிவு செய்த அந்தக் கடைசி நாள் கியூபிஆர் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) ஆட்டத்தில் எல்லாருக்கும் சிட்டி முன்கள வீரர் அகுவேரோ கடைசி நேரத்தில் போட்ட வெற்றி கோல்தான் மனதில் நிற்கும். அதற்குச் சற்று முன்னால் இன்னொரு முன்கள வீரர் ஜெக்கோ தலையால் போட்ட சமன் கோல் இல்லையென்றால் அகுவேரோவுக்கு வேலையே இல்லை, அந்தக் கார்னரை அடித்தது சில்வா.

அவருடைய பிரச்சினையே இதுதான். கணக்கில் ஏறுவது கோலும் அசிஸ்டும் (கோலுக்கு வழிசெய்கிற கடைசி பாஸ்). சில்வா செய்ததில் பெரும்பகுதி அதற்கு முந்தைய பாஸ். எதிரணியின் பக்கத் தடுப்பாட்டக்காரனுக்கும் நடுத் தடுப்பாட்டக்காரனுக்கும் இடையில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் போய் நிற்பார், பந்து வருவதற்கு முன்பே இரண்டு தடவை திரும்பிப் பார்த்திருப்பார், வாங்கும்போதே உடம்பு பாதி திரும்பியிருக்கும். அவரை யார் பிடிப்பது என்று எதிரணியில் இரண்டு பேர் குழம்புகிற நேரத்தில் மூன்றாவது ஆள் காலியாகிவிடுவான். இதை எந்தப் புள்ளிவிவரம் சொல்லும்? அப்படியிருந்தும் பிரீமியர் லீக்கில் 309 ஆட்டங்களில் 93 அசிஸ்ட், 60 கோல். நாலு லீக் பட்டம். இங்கிலாந்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருது ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

2016இல் கார்டியோலா சிட்டியின் பயிற்சியாளராக வந்தபோது முப்பதைத் தொட்டிருந்த சில்வா முடிந்துபோன கணக்கு என்று பலர் நினைத்தார்கள். கார்டியோலா என்ன செய்தார் என்றால், சில்வாவை இன்னும் கீழே இறக்கி, டி பிராய்னுக்குப் பக்கத்தில் நடுக்களத்திலேயே நிறுத்தினார். பந்தைப் பறிகொடுத்தால் உடனே ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டிய இடம் அது. அந்த வயதில் புதிதாக ஓடக் கற்றுக்கொண்டு, 2017-18இல் 100 புள்ளி எடுத்த அணியின் இதயமாக ஆடினார்.

அதே சீசனில்தான் அவர் மகன் மாத்தேயோ மாதம் நிறைவதற்கு ரொம்ப முன்பே பிறந்தான். குழந்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, சில்வா வலென்சியாவுக்கும் மான்செஸ்டருக்கும் இடையில் பறந்துகொண்டிருந்தார், சில ஆட்டங்களுக்கு வரவில்லை, வந்த ஆட்டங்களில் ஒன்றும் நடக்காதது போல் ஆடினார். ஒரு தகப்பன் எப்படி அந்த மனநிலையில் அவ்வளவு நுணுக்கமாக ஒரு பாஸை எடைபோட முடியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2018 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்ட் ஆட்டத்துக்கு மாத்தேயோவைக் கையில் ஏந்திக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார், அன்றைக்கே ஒரு ஃப்ரீ கிக் கோலும் போட்டார். அந்தக் காட்சியைப் பார்த்துக் கண் கலங்காத சிட்டி ரசிகர் இருக்க மாட்டார்.

2020இல் சிட்டியிலிருந்து விடைபெற்றார், கொரோனா காலம், காலி அரங்கம். அப்புறம் ஸ்பெயினின் ரியல் சோசியதாத் கிளப், அங்கேயும் சும்மா இருக்கவில்லை, 2021 ஏப்ரலில் அத்லெடிக் பில்பாவோவை வென்று ஸ்பெயினின் நாக்அவுட் கோப்பையான கோபா டெல் ரே. 2023 ஜூலையில் பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்து, 37 வயதில் ஓய்வு அறிவித்தார். சிட்டி அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், அது நியாயம்.

அவர் ஆடுவதைப் பார்க்காதவர்கள் 2011 அக்டோபரில் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை சிட்டி 6-1 என்று அடித்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஆறாவது கோலை மட்டும் பார்த்தாலும் போதும். தன் பக்கத்துக் களத்தில் நின்றுகொண்டு, பந்தை நிறுத்தாமல் இடது காலால் அப்படியே ஜெக்கோவுக்கு அனுப்புகிறார். கோலைப் பார்க்காதீர்கள், அந்தப் பாஸைப் பாருங்கள்.