தபாஸ் எல்லா ஊர்லயும் ஃப்ரீ இல்ல
ஸ்பெயின்ல எங்க போய் ட்ரிங்க் வாங்கினாலும் தபாஸ், அதாவது கூட கொறிக்க வர்ற சின்ன தட்டு சாப்பாடு, ஃப்ரீனு இந்த கட்டுரைல போட்டிருக்கறது பாதிதான் சரி. கிரனாடா, அல்மேரியா, ஹயென், வடக்க லியோன் மாதிரி ஊர்கள்ல அந்த வழக்கம் இன்னும் இருக்கு, ஒரு பீர் சொன்னா கூடவே சின்ன தட்டு வந்துரும், அடுத்த ரவுண்டுக்கு வேற ஐட்டம், என்ன வரும்னு பல இடத்துல பார்காரர்தான் முடிவு பண்ணுவார். ஆனா செவில்ல பெரும்பாலும் காசு குடுத்துதான் ஆர்டர் பண்ணணும், மிஞ்சிப்போனா நாலு ஆலிவ் ஓசி. சான் செபாஸ்டியன் பக்கம் பிஞ்சோஸ்னு சின்ன சின்ன ஐட்டங்கள கவுன்ட்டர் முழுக்க அடுக்கி வெச்சிருப்பாங்க, ஆலிவ், உப்பு நெத்திலி, வினிகர்ல ஊறின பச்சமிளகா மூணையும் குச்சில கோத்த கில்டாவுக்கும் தனி பில்லுதான். மேல கமென்ட்ல ஒருத்தர், ட்ரிங்கோட தபாஸ் குடுக்கற இந்த வழக்கம் அந்தக் காலத்துல பத்தாம் அல்போன்சோ ராஜா போட்ட சட்டம்னு அடிச்சு சொல்றார், நல்ல கதைதான், ஆனா ஆதாரம் எங்க சார்?