நைசியாவுக்கு 270 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது

இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற நம்பிக்கை கி.பி. 325இல் கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்தில் ஓட்டெடுத்துச் சேர்க்கப்பட்டது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதை நாற்பது பேருக்கு மேல் பகிர்ந்தும்விட்டார்கள். மன்னிக்கவும், ஆண்டுக் கணக்கு பொருந்தவில்லை.

தொடக்ககால அப்போஸ்தலரான பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய, வேதாகமத்தில் உள்ள முதல் கடிதம் ஏறக்குறைய கி.பி. 53–55ஐச் சேர்ந்தது. கடவுள் நம்பிக்கையற்ற ஆய்வாளர்களும் இதை மறுப்பதில்லை. அதன் 15ஆம் அதிகாரத்தில், தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாகப் பவுல் சொல்கிறார்: கிறிஸ்து மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார். ஐந்நூறு பேருக்கு மேல் அவரைக் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். ஆக, செய்தி கடிதத்தைவிடவும் பழையது.

நைசியாவில் நடந்தது, இயேசு கடவுளால் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுஸ் என்ற குரு பற்றிய விவாதம். ஈஸ்டர் தேதியும் பேசப்பட்டது. அங்கே இயற்றிய விசுவாச அறிக்கையில் "மூன்றாம் நாள்" வருவதால் குழப்பம் வந்திருக்கலாம்.

சரிபார்க்க என் சொல் வேண்டாம். பட்டர்வொர்த்தில் என் பாட்டி வைத்திருக்கும், அட்டை கழன்ற தமிழ் வேதாகமத்திலும் அந்த அதிகாரம் இருக்கிறது. 3 முதல் 8 வரையான வசனங்கள். பழைய பிரதியே வேண்டுமென்றால் பவுலின் கடிதங்கள் அடங்கிய 'பாப்பிரஸ் 46' என்ற கையெழுத்துப் பிரதியைத் தேடுங்கள். சுமார் கி.பி. 200ஐச் சேர்ந்தது, டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகம் தன்னிடமுள்ள ஏடுகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

உயிர்த்தெழுதல் நடந்ததா என்பது வேறு விவாதம். நான் நம்புகிறவன், நீங்கள் நம்பாமலிருக்கலாம். இங்கே பேச்சு ஆண்டைப் பற்றி மட்டும்தான்.