அம்மாவின் மூன்று தொடர்களுக்கு மூன்று சந்தா

போன மாதம் கடன் அட்டை ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் படித்தேன். வழக்கமாக மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிவிடுவேன். அன்று பேனாவை எடுத்து, ஓடிடி சந்தாவுக்குப் போன பணத்தை எல்லாம் வட்டம் போட்டேன். ஆறு வட்டம். கூட்டிப் பார்த்தால் 83 வெள்ளி 40 காசு.

ஆறில் இரண்டை எங்கள் வீட்டில் யாரும் நான்கு மாதமாகத் திறக்கவே இல்லை. அதில் ஒன்றை மகள் தன் கைபேசியிலிருந்து எப்போதோ அழித்துவிட்டாள். செயலியை அழித்தால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைத்துவிட்டோம். நிற்காது. கைபேசியில் சந்தாக்கள் இருக்கும் பக்கத்துக்கோ, நேரடியாகச் சந்தா எடுத்திருந்தால் அந்தச் சேவையின் கணக்குக்கோ போய் ரத்து செய்தால்தான் நிற்கும். இதைப் படிக்கும்போதே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

நம் சிங்கப்பூரில் முன்பு வீட்டுத் தொலைக்காட்சிக்கு உரிமக் கட்டணம் இருந்தது, ஆண்டுக்கு 110 வெள்ளி. 2011இல் அதை நீக்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதைக் கட்டும்போது அப்பா முகத்தைச் சுளிப்பார். இப்போது அதே 110 வெள்ளி என் வீட்டிலிருந்து நாற்பது நாளில் போய்விடுகிறது. அதன் மேல் வரியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து பொருள் சேவை வரி. அப்போது 7 விழுக்காடு, 2023இல் 8, 2024இலிருந்து 9.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். என் மனசை அறுத்தது அம்மா விஷயம்.

அம்மாவுக்கு 74 வயது. அங் மோ கியோவில் மூவறை வீட்டில் இருக்கிறார். தினமும் மூன்று தொடர் பார்ப்பார். ஒன்று சன் டிவி, ஒன்று விஜய், ஒன்று ஜீ தமிழ். கேபிள் இருந்தவரை அது ரிமோட்டில் மூன்று எண், அவ்வளவுதான். கேபிள் செலவு அதிகம் என்று நாங்கள்தான் நிறுத்தினோம். அப்புறம்தான் தெரிந்தது, ஒவ்வொரு குழுமமும் தன் தொடர்களைத் தன் செயலிக்குள் பூட்டி வைத்திருக்கிறது. சன்னுக்கு சன் நெக்ஸ்ட், ஜீக்கு ஜீ5, விஜய்க்கு ஹாட்ஸ்டார். மூன்று தொடருக்கு மூன்று சந்தா, மூன்று பாஸ்வேர்ட்.

மகள் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டினாள். ‘வீடு படம் போட்ட பொத்தானை அழுத்தவும். வலது பக்கம் 4 தடவை. நடுப் பொத்தான்.’ இரண்டு மாதம் அது ஓடியது. ஒரு நாள் டிவி தானாக அப்டேட் ஆகி, அந்த 4 தடவை 6 தடவை ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது டிவி அணைந்திருந்தது. அம்மா ஒலி 96.8 வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். புதன்கிழமையிலிருந்தே தொடர் பார்க்கவில்லையாம். “நீ வேலையில இருப்ப, இதுக்குப் போயி உன்னக் கூப்பிடணுமான்னு விட்டுட்டேன்” என்றார். நான்கு நாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சந்தாவிலேயே அம்மா பழைய படங்கள் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு நிறுவனம், ‘இந்தக் கணக்கு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்’ என்று திரையில் போட்டு நிறுத்திவிட்டது. நான் இருப்பது ஈசூனில், அம்மா அங் மோ கியோவில். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 20,000 வெள்ளி மானியம் தருகிறது. பிள்ளைகள் கல்யாணமாகி வேறு புளோக்குக்குப் போனாலும் குடும்பம் குடும்பம்தான் என்று இங்கே அரசாங்கமே நினைக்கிறது. அந்த நிறுவனத்துக்கோ ஒரே வைஃபையில் இருந்தால்தான் குடும்பம். இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

‘ஒரு பாக்ஸ் வாங்கிப் போட்டா எல்லாமே வரும்’ என்று காப்பிக்கடையில் மாமா ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. திருட்டுத்தனமாகப் படம் காட்டும் அப்படிப்பட்ட பெட்டிகளை விற்பது 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், சின்ன முதலீட்டில் தமிழில் நல்ல படம் எடுக்கிறவருக்குத் திரையரங்கைவிட்டு இறங்கிய பிறகு வரும் வருமானத்தில் முக்கியமானது இந்த ஓடிடிதான். அதில் கைவைக்க எனக்கு மனசு வராது. காசு கொடுத்துத்தான் பார்க்க நினைக்கிறேன். கொடுக்கத் தயாராக இருக்கும்போதும் சில படம் கிடைப்பதில்லை, அதுதான் ஆத்திரம். தஞ்சாவூரிலிருந்து சித்தி “அந்தப் படம் வந்துருச்சே, பாத்தியா?” என்று கேட்பார். இந்தியாவுக்கான உரிமை ஒருவரிடம், வெளிநாட்டு உரிமை இன்னொருவரிடம். அங்கே அவர் பார்க்கும் செயலிக்கு நான் இங்கே பணம் கட்டினாலும் அந்தப் படம் அதில் இருக்காது. வெளிநாட்டுத் தமிழர்கள் பார்க்கும் டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் என்று ஒவ்வொரு செயலியாகத் தேட வேண்டும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அம்மாவின் தொடர்களில் எது அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டு, அந்தச் செயலியை மட்டும் ஆண்டு முழுக்க வைத்துக்கொண்டோம். அதை யாரும் தொடக்கூடாது. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மாதத்துக்கு ஒன்றுதான் எடுக்கிறோம். ஒரு மாதம் மகள் முறை, ஒரு மாதம் என் முறை, ஒரு மாதம் என் கணவர் முறை. எடுத்த அன்றைக்கே ரத்தும் செய்துவிடுவோம். எங்களிடம் இருந்த மாதச் சந்தாக்கள் எல்லாமே, ரத்து செய்தாலும் அந்த மாதம் முடியும்வரை ஓடின. பார்க்க நினைக்கும் படங்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிறோம். ஒரே செயலியில் நான்கைந்து படம் சேர்ந்ததும் அதன் மாதம் வரும். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் திரைக்கு வந்து நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. அதற்கு மேல் ஒரு மாதம் பொறுப்பதில் எதுவும் குறைந்துவிடவில்லை. இடையில் நம் ஊர் மீவாட்ச் செயலி இருக்கிறது. வசந்தம் தமிழ் ஒளிவழியின் நாடகங்களை அதில் இலவசமாகப் பார்க்கலாம். காசு கொடுத்த செயலிகளுக்குள் உழன்றுகொண்டு நம் ஊர்க் கலைஞர்களின் வேலையைப் பார்க்காமல் விட்டது என் தப்பு.

இந்த மாதச் செலவு 29 வெள்ளி.

ஆனாலும் இதை வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். காற்பந்து ரசிகர்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை, ஸ்டார்ஹப் என்ற கட்டணத் தொலைக்காட்சி நிறுவனத்திடமிருந்து போட்டி நிறுவனமான சிங்டெல்லுக்குப் போனபோது, வீட்டில் இரண்டு பெட்டி வைக்க வேண்டுமா என்று ஊரே பேசியது. 2010இல் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு கட்டணத் தொலைக்காட்சி நிறுவனம் தனக்கு மட்டும் என்று உரிமை வாங்கும் நிகழ்ச்சியை, மற்ற நிறுவனத்தின் பெட்டி வழியாகவும் மக்கள் பார்க்க வழிவிட வேண்டும். பந்துக்கு அதைச் செய்ய முடிந்த ஊர் இது. ஓடிடிக்கும் அப்படி ஏதாவது வழி யோசிக்கலாம் அல்லவா? எல்லாச் சந்தாவும் ஒரே பட்டியலில், ஒரே ரிமோட்டில், வயதானவர்களுக்குத் தமிழில் எழுதிய பெரிய எழுத்துப் பொத்தானோடு வரட்டும். அதற்கு நான் இரண்டு வெள்ளி கூடுதலாகக் கொடுக்கவும் தயார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் எப்படிச் செய்து கொடுத்திருக்கிறீர்கள்? அம்மாவின் மற்ற இரண்டு தொடர்களுக்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் புது அட்டை ஒட்ட வேண்டும்.