சரக்குக் கூட்டம் என்றவருக்கும் சிரித்தவர்களுக்கும்

ஆகஸ்ட் 15 அன்று நம் ஊர்க் கிராம சபையில் முன்னாள் படைவீரர் சங்கத்தைப் பற்றிப் பேசப்பட்டதை இங்கே பலரும் எழுதிவிட்டீர்கள்; காணொளியும் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. ஆகவே நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பழைய நியாயவிலைக் கடைக் கட்டடத்தைச் சங்கத்திடமிருந்து திரும்ப வாங்க வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஊராட்சியின் கட்டடத்தை ஊராட்சி கேட்கிறது. ஆனால் அந்தக் கோரிக்கையோடு சேர்த்து, ராணுவக் கேன்டீனில் அவர்களுக்குக் கிடைக்கிற மதுவைக் குத்திக்காட்டி, "சரக்குக் கணக்குப் பார்க்கக் கூடுகிற கூட்டத்துக்குக் கட்டடம் எதற்கு?" என்று ஒருவர் ஒலிபெருக்கியில் கேட்டதும், முன்வரிசை முழுவதும் சிரித்ததும், காலையில் அதே சங்கத்தாரை மெடல் குத்திக்கொண்டு வரச் சொல்லிக் கொடிக் கம்பத்தின் அருகே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டவர்களும் அந்த வரிசையிலேயே அமர்ந்திருந்ததும்தான் என்னை எழுத வைக்கின்றன. கொடியேற்றும்போது நாட்டின் காவலர்கள், கிராம சபை கூடும்போது குடிகாரர்கள். இடையில் மிட்டாய் கொடுக்கிற நேரம்தான் இருந்தது.

அது சரக்குக் கூட்டம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கதவு திறந்திருக்கும்போது ஒருமுறையாவது உள்ளே போயிருந்தால் இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் இரும்பு பீரோ, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், உறுப்பினர் ஒருவருடைய மகன் புதியது வாங்கியபின் கொடுத்த பழைய மடிக்கணினி, மை தீர்ந்தால் வசூல் நடத்தி நிரப்ப வேண்டிய ஒரு பிரிண்டர். சங்கத்தின் சொத்து இவ்வளவுதான். பீரோவில் பாட்டில் இல்லை. டிஸ்சார்ஜ் புத்தக நகல்களும், ஓய்வூதிய ஆணைகளும், இறப்புச் சான்றுகளும், எந்தத் தபால் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் போனது என்று எழுதி வைத்த நோட்டுகளும் இருக்கின்றன.

வேலூர் வட்டாரத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறோம். வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில், 1914–18 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தனர் என்று கல்லில் பொறித்திருக்கிறது. அதன் கீழே நின்று பேரம் பேசிக் காய்கறி வாங்குகிற நாம் அண்ணாந்து பார்ப்பதில்லை. நூறு ஆண்டுகளாக அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். அனுப்பியவர் திரும்பி வந்தபின் அவருடைய காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பீரங்கிப் படையில் இருந்தவருக்கு நாசிக், தகவல் தொடர்பைப் பார்க்கிற சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கிற இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. ஓய்வூதியத்தை நிர்ணயிக்கிற கணக்கு அலுவலகமோ பிரயாக்ராஜில். இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறைக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பதியாவிட்டால் பணம் நின்றுவிடும். எழுபத்தைந்து வயதுக்காரரின் ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்க மறுத்தால், கைபேசியோடு அவர் வீட்டுக்கே போய், வெளிச்சத்தில் உட்கார வைத்து, முகத்தைக் காட்டச் சொல்லிப் பதிந்துவிட்டு வருவது யார்? சரக்குக் கூட்டம்தான்.

என் அப்பா பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மாரடைப்பில் இறந்தபோது, வங்கிக்குத் தகவல் சொன்ன உடனே அவருடைய ஓய்வூதியத்தை நிறுத்திவிட்டார்கள். அதில் வேகம் இருந்தது. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்குவதில்தான் வேகம் இல்லை. படை ஆவணத்தில் அம்மாவின் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் கடைசியில் ‘அம்மாள்’ சேர்ந்து வேறு விதமாகவும் இருந்தது; பிறந்த தேதியோ ஆவணத்தில் இல்லவே இல்லை. திருமணத்தின்போது அப்பாவின் யூனிட்டில் யாரோ ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டதுதான் பதிவு. நான் முதுகலை படித்து ஆசிரியர் வேலை பார்க்கிறேன். நாசிக்கிலிருந்து வந்த கடிதத்தில் ‘பகுதி இரண்டு ஆணை’ (படை ஆவணத்தில் குடும்ப விவரத்தைப் பதிகிற ஆணை) வெளியிட வேண்டும் என்று எழுதியிருந்ததை எத்தனை முறை படித்தும் என் படிப்பு உதவவில்லை.

படைப் பிரிவில் எழுத்தராக இருந்து வந்தவரை ஊரில் எல்லோரும் கிளார்க் மாமா என்போம். அவர் அந்தக் கடிதத்தை ஒருமுறை பார்த்தார். என்னென்ன தேவை என்று வரிசையாகச் சொன்னார்: இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம், அம்மாவின் பள்ளிச் சான்று இல்லாததால் அதற்கு மாற்றாக எதை வைக்கலாம் என்ற விவரம், திருத்திய ஓய்வூதிய ஆணை கேட்டு விண்ணப்பம், எல்லாவற்றிலும் அப்பாவின் படை எண். அம்மாவின் கையெழுத்து ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி விழுகிறது என்று, அதே நாற்காலிகளில் ஒன்றில் அம்மாவை உட்கார வைத்து எழுதிப் பார்க்கச் சொன்னார். நாசிக்கிலிருந்து பதில் வராத மாதங்களில் நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் நிலுவையோடு பணம் வந்தது. கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு என்பது உங்களில் சிலருக்கு ஒரு மாதத்துப் பெட்ரோல் செலவாக இருக்கலாம். அம்மாவுக்கு அது மகளிடம் கையேந்தாத வாழ்க்கை. கிளார்க் மாமா பேருந்துக் காசுகூட வாங்கவில்லை.

அவரைத்தான் சரக்குக் கணக்குப் பார்க்கிறவர் என்றீர்கள்.

"அப்படியானால் யாருமே கேன்டீன் சரக்கை வெளியே விற்பதில்லையா?" என்று கேட்கப் போகிறீர்கள், பின்னூட்டத்தில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். விற்கிறவர் இருக்கிறார். அது விதிமீறல், புகார் கொடுத்து அவருடைய கார்டை முடக்கச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட நானும் வருகிறேன். ஆனால் விற்கிறவரைப் பற்றிப் பேசுகிறபோது வாங்குகிறவரையும் பேச வேண்டும் அல்லவா? கல்யாணத்துக்கு முதல் நாள் "மிலிட்டரி கிடைக்குமா மாமா?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தவர்களில் எத்தனை பேர் அந்த முன்வரிசையில் இருந்தார்கள் என்று நான் பெயர் சொல்ல ஆரம்பித்தால் சிலருக்கு வீட்டில் சங்கடம் ஆகும். 2003 முதல் அரசே சில்லறையில் கடை நடத்தி விற்கிற மாநிலத்தில், மாதத்துக்குச் சில பாட்டில் உரிமை உள்ளவர்கள் மட்டும் ஒழுக்கம் கெட்டவர்கள் ஆகிவிட்டார்கள். என் அப்பா குடிக்காதவர். அதை இங்கே சொல்ல வேண்டிய நிலை வந்ததே எனக்குக் கசக்கிறது. குடித்திருந்தால் மட்டும் அவருடைய இருபத்து சொச்சம் ஆண்டுப் பணி கழிந்துவிடுமா?

சங்கம் இரண்டாக உடைந்ததைச் சிலர் நினைவூட்டினார்கள். உடைந்தது, தலைவர் பதவிக்காகத்தான் உடைந்தது. இந்த ஊரில் உடையாத சங்கம் ஒன்றைக் காட்டுங்கள், மேலே பேசலாம்.

"வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறதே, அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறதே, இடையில் இவர்கள் எதற்கு?" என்ற கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் கேலி இல்லை. அந்த அலுவலகம் கல்வி உதவித்தொகை, கொடிநாள் நிதியிலிருந்து தரும் உதவி என்று பல வேலைகள் செய்கிறது. அங்கே பொறுமையாகப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்த உதவிக்குத் தனக்குத் தகுதி இருக்கிறது என்று தெரிந்து, சரியான காகிதத்தோடு அங்கே போய் நிற்கிறவருக்குத்தான் அலுவலகம் உதவ முடியும். மனவளர்ச்சி குன்றிய மகளுக்கு, பெற்றோர் இருவரும் போன பிறகும் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் என்பது மேலத்தெருக் குடும்பத்துக்கு எப்படித் தெரிந்தது? அவர்களைத் தேடிப் போய்ச் சொன்னது அலுவலகம் அல்ல. நள்ளிரவில் நெஞ்சு வலி என்று தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறபோது, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டை எங்கே காட்டுவது, அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்கு யார் தகவல் சொல்வது, முன்பணம் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அறிந்த ஒருவர் வண்டியில் கூடவே ஏறுகிறாரே, அவர் சம்பளத்துக்கு ஏறவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோர வீடுகளில் கதவைத் தட்டியவர்களும் இவர்கள்தான்; அன்று அவர்கள் வாயில் சரக்கு வாடை அடிக்கிறதா என்று யாரும் முகர்ந்து பார்க்கவில்லை.

செயற்குழுவில் கைம்பெண்களில் ஒருவர்கூட இல்லையே, ஒரு பெண்ணாக நீங்கள் அதைக் கேட்க மாட்டீர்களா என்று ஒரு தோழி எழுதியிருந்தார். கேட்பேன். சங்கத்தின் உள்ளே கேட்பேன். சிரித்தவர்களுக்குத் தீனி போடுகிற மாதிரி இங்கே கேட்க மாட்டேன்.

"அவர்களுக்கு என்ன குறை? ஓய்வூதியம், கேன்டீன், இலவச மருத்துவம்" என்ற பேச்சுத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சிப்பாயாகப் போகிறவன், மற்ற வேலைகளில் பதவி உயர்வு தொடங்குகிற வயதில், நாற்பதைத் தொடுவதற்கு முன்னாலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகின்றன. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்பதைப் பல பத்தாண்டுகள் கேட்டு, 2015இல் வயதானவர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் 2014 ஜூலை முதல் என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அதுவரை முன்பு ஓய்வு பெற்றவர் அதே பதவியில் பின்பு ஓய்வு பெற்றவரைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தார். என் அப்பா அந்த இடைக்காலத்தில் ஓர் ஏ.டி.எம். வாசலில் காவலாளியாக ஸ்டூலில் இரவைக் கழித்தார். யார் உள்ளே போனாலும் எழுந்து நிற்பார், படைப் பழக்கம். எழுந்து நிற்பவரைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் தலையசைத்ததுகூட இல்லை. அவர்கள் பணம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கும் சேர்த்துத்தான் நான் கோபப்படுகிறேன் என்று சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்போது நம் ஊர்ப் பையன்கள் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்க, கையில் கடிகாரத்தோடு நின்று விரட்டுகிறவர் சங்கத்தைச் சேர்ந்த சுபேதார். இவர்களில் தேர்வாகிறவர்கள் அக்னிவீரர்களாகப் போகிறார்கள். நான்கு ஆண்டு முடிந்தபின் நூற்றுக்கு 25 பேர் வரை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சேவா நிதி என்ற ஒட்டுமொத்தத் தொகையாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு அனுப்பிவிடுவார்கள். ஓய்வூதியம் இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. கேன்டீனும் இல்லை, முன்வரிசை மகிழலாம். அந்தப் பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள விதியைத் திருத்தலாமா என்று அந்தச் சரக்குக் கூட்டம் பேசிக்கொண்டிருக்கிறது. இருபத்தைந்து வயதையொட்டித் திரும்பி வருகிறவனுக்கு என்ன வழி என்று கிராம சபையில் யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்களா? கேட்டது கட்டடத்தை.

காணொளியை அம்மாவும் பார்த்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் காட்டியிருக்கிறாள். மாலையில் நான் வந்ததும், "அவங்க நம்மளயாம்மா சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டார். அம்மாவும் அந்தச் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறவர். சந்தா ரசீதைப் பூஜை அலமாரியில் அப்பாவின் மெடல் பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறார். நான் என்ன பதில் சொல்வது? நம்மைச் சொல்லவில்லை, கிளார்க் மாமாவைச் சொன்னார்கள் என்றா?

கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீரோவைத் தூக்கிவந்து எங்கள் வீட்டு முன்கட்டில் வைக்கச் சொல்லிவிட்டேன், இடம் போதும். வாடகை வேண்டும் என்றாலும், வேறு இடம் தருகிறோம் என்றாலும், அதைப் பற்றி அக்டோபர் 2 கிராம சபையில் பேசுவதற்குச் சங்கத்தார் வருவார்களாம், அவர்கள் பெருந்தன்மையானவர்கள். நானும் அம்மாவும் வருவது கட்டடத்துக்காக அல்ல. ஒலிபெருக்கியில் சொன்னதை அதே ஒலிபெருக்கியில் திரும்பப் பெற வேண்டும். மற்றதை அதன் பிறகு பேசலாம்.