ரெண்டாவது எப்போ?

எனக்கு ஒரு மகள். ரெண்டாவது எப்போ என்று சொந்தபந்தம் கேட்பது போதாதென்று, பிள்ளை பெத்துக்கோங்க என்று இப்போது மேடையிலேயே சொல்கிறார்கள். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்த முதல்வர் ஸ்டாலின், முன்பு மாதிரி நிதானமாகப் பெத்துக்கோங்க என்று சொல்ல முடியாது, உடனே பெத்துக்கோங்க என்றார். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார். மக்கள்தொகையை வைத்து எம்.பி. தொகுதிகளைப் பிரித்தால் நமக்குக் குறையும் என்பது ஸ்டாலினின் கவலை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்குத் தொகுதி குறைப்பது அநியாயம்தான். அதற்கு டெல்லியில் சண்டை போடுங்கள். நடுவில் என் வயிற்றை ஏன் இழுக்கிறீர்கள்?

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைதான் என்று 2020 கணக்கு வந்ததிலிருந்து, 'படிச்ச பொண்ணுங்களுக்குச் சொகுசு கேக்குது' என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. எல்.கே.ஜி. ஃபீஸைப் பற்றி ஊரே புலம்பியாயிற்று, நான் வேறு வேண்டாம்.

2017 மகப்பேறு சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. நல்ல சட்டம்தான். ஆனால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குள் வராதவர்களுக்கு அந்தச் சம்பளம் முழுக்க முதலாளி கையிலிருந்து போகிறது. விளைவு, இன்டர்வியூவில் 'கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை பிளான் ஏதாவது?' என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். என் வீட்டுக்காரரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. 50 பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நான் முன்பு இருந்த ஆபீஸில் அப்படிப் போர்டு மாட்டிய ரூம் இருந்தது. உள்ளே ரெண்டு ரிப்பேர் பிரிண்டர், ஆயுதபூஜைக்கு வாங்கிய சீரியல் லைட்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் ஓனரம்மா, 'சின்னக் குழந்தையா? செவுத்துல கிறுக்குமேம்மா' என்கிறார். ஒன்றுக்கே இந்தப் பேச்சு.

உண்மையில் என் மகளை வளர்ப்பது என் அம்மாவின் முழங்கால். அப்பாவை மதுரையில் தனியாக விட்டுவிட்டு, மூட்டுவலித் தைலத்தோடு சென்னையில் மூன்றாவது மாடியில் கிடக்கிறார். ரெண்டாவது என்றால் மறுபடி மூணு நாலு வருஷம். அவரை எந்த முகத்தோடு கேட்பது? எங்களிடம் 'எப்போ' என்று கேட்கிற சொந்தபந்தத்தில் ஒருத்தர்கூட அவரிடம் 'உன்னால முடியுமா' என்று கேட்டதில்லை.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021லிருந்து ஒரு வருஷம் மகப்பேறு விடுப்பு. சந்தோஷம். மற்றவர்களுக்கு? லீவுச் சம்பளத்தில் பாதியையாவது அரசு ஏற்கட்டும். ஏரியாவுக்கு ஒரு காப்பகம், ராத்திரி எட்டு மணிவரை. தனியார் கம்பெனியில் அப்பாவுக்கும் சட்டப்படி லீவு, அதுவும் கட்டாயமாக. விருப்பம் என்று விட்டால் எந்த மேனேஜரும் கொடுக்க மாட்டார், எந்த அப்பாவும் கேட்க மாட்டார்.